சேவல் மாட்டிக்கொண்ட மயில்தோகை

போன வருஷம் கந்தசஷ்டி விரதத்தில் நான் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, கண்ட மோட்களையும், அதாவது வெளியாட்கள் செய்துவிடும் கூடுதல் சேர்க்கைகளையும், போட்டு வீடியோ கேமைக் கெடுத்துக்கொண்ட என் இளைய மகன் கதிர்காமன் சொன்ன கதை இது.

ஒரு கேமுக்குள் ஒரு பண்ணை. அங்கே சேவல் கூவினால்தான் விடியும். விளையாடுகிறவர் ஆசை ஆசையாக வெளியிலிருந்து மோட்களை இறக்கி, மாட்டுக்கு மணியும் வாத்துக்குக் குடையும் சேவலுக்கு மயில்தோகையும் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து சேவல் வாயைத் திறந்தாலே பண்ணை மொத்தமும் உறைந்து நின்றது. "சாப்பிட்டு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா கேமையே அழிச்சிடுவேன்" என்று அவர் எழுந்து போனார்.

சேவல் பதறிப்போனது. "எல்லாம் இந்த மோட்களால் வந்த வினை. ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம்" என்று மாட்டின் மணியைக் கழற்றிவிட்டுக் கூவியது. பண்ணை உறைந்தது. வாத்தின் குடையைப் பிடுங்கிவிட்டுக் கூவியது. மறுபடியும் உறைந்தது.

"சேவலண்ணே, உங்க தோகை?" என்று வாத்து மெதுவாகக் கேட்டது.

"அடியே, இதை அழகுக்கா வச்சிருக்கேன்? முருகனுக்காக வச்சிருக்கேன்!" என்ற சேவல், கேமோடு கூடவே வந்த வேலியைக்கூடப் பிடுங்கிப் பார்த்தது.

கடைசியில் கழற்ற வேறொன்றும் மிச்சமில்லை. "முருகா, நீயே பாத்துக்கோ" என்று கண்ணை மூடித் தோகையை உருவிப் போட்டுவிட்டுக் கூவியது. பளீரென்று விடிந்தது.

மொட்டை வாலோடு நின்ற சேவல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும்னு நான் அப்பவே சொல்லலையா?"

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். வீட்டுக்கு வந்தால், நான் மற்றதையெல்லாம் குறை சொல்லும்போது, "உங்க தோகை?" என்று அந்த வாத்து மாதிரி என்னையும் மெதுவாகக் கேளுங்கள்.