வெயிலில் நடப்பவர்

ஒரு பெரியவரின் மகள் சொல்லிக் கேட்டது இது. வார்த்தைகள் முன்பின்னாக இருக்கலாம். என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை.

அப்பாவுக்கு இடுப்பிலும் தொடையிலும் ஓயாத எலும்பு வலி. மகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

“வைட்டமின் டி குறைவான்னு ரத்தம் எடுத்துப் பார்த்துடுங்க டாக்டர்.”

“எல்லாருக்கும் ஊசி குத்த வேண்டியதில்லம்மா. சில கேள்வி கேட்டாலே தெரிஞ்சுடும். ஐயா வெயில்ல போவாரா?”

“நல்லா கேட்டீங்க! தினமும் காலையில ரெண்டு மணி நேரம் நடை. மழைநாள்லகூட விடமாட்டார். நனையாம வேற வந்துடுவார், கில்லாடி!”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அது குறைய வாய்ப்பு கம்மி. வலிக்கு வேற காரணம் தேடணும். எலும்பு ஸ்கேன் எழுதறேன்.”

“கட்டி கிட்டின்னு ஏதாவது...?” என்றாள் மகள். அவள் அம்மாவுக்கு வந்த புற்றுநோயும் எலும்பு வலியாகத்தான் ஆரம்பித்தது.

அப்பா மகளின் கையைப் பிடித்தார்.

“பயப்படாதே கண்ணு,” என்றார் அப்பா. “நான் வெயிலையே பார்க்கறதில்ல. நம்ம கட்டடத்துக்குக் கீழ, கார் நிறுத்தற இடத்துல தூணைச் சுத்திச் சுத்தி நடக்கறேன்.”

“ஏம்ப்பா?”

“வெளிய போனா, வீட்டுக்குத் திரும்பி வர்ற வழி மறந்துடுது.”

டாக்டர் ரத்தம் எடுக்காமலே வைட்டமின் டி மாத்திரை எழுதினார். மறதிக்கு வேறொருவரிடம் அனுப்பினார். சில மாதங்களில் எலும்பு வலி விட்டது. மறதி விடவில்லை. மகள் இப்போது வேலைக்குத் தாமதமாகத்தான் போகிறாள். காலையில் இருவரும் தெருவில் நடக்கிறார்கள்.