மரத்தூள் அறை

"யாருங்க இந்தக் கதவைத் திறந்து போட்டது? உள்ளே ஐஸ் உருகிடாதா?"

பதறி ஓடிய மனைவி, கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். எட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் குளிர் போய்விடுமே என்று உள்ளே பார்க்கக்கூட இல்லை.

"நான் திறக்கவே இல்லம்மா" என்றான் கணவன்.

"அப்போ அது தானா திறந்துக்கிச்சாக்கும்!"

மர அறுவை மில்லுக்குப் பின்னால் அவர்கள் கட்டிய சோதனை அறை அது. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் அவள் கண்டுபிடித்த மரத்தூள் பலகை. வெயிலை உள்ளே விடாது, ஏசி ஓடுவது பாதியாகக் குறையும் என்று அடித்துச் சொல்வாள். இந்த இரண்டு வருட ஆராய்ச்சியில் வீட்டில் மூன்று மிக்ஸிகள் உயிரை விட்டிருந்தன.

பதினோரு மணிக்கு பில்டர் வருகிறார். பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்து, விடிகாலையில் அறையை ஏசியால் நன்றாகக் குளிரவைத்து, ஏசியை அணைத்துவிட்டு உள்ளே வைத்த ஐஸ்கட்டியை அவருக்குக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் நூறு வீடுகளுக்கு ஆர்டர். இல்லாவிட்டால் திங்கட்கிழமையே பழைய ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவதாக அவள் கணவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பதினொன்றே முக்கால் ஆகியும் ஆளைக் காணோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"வர மாட்டாருங்க. சிமெண்டைத் தவிர எதையும் நம்பாத மனுஷன்."

"வருவார். முதல்ல அந்தத் தொந்தி வரும், பின்னாலேயே அவர் வருவார்" என்று கணவன் வயிற்றை முன்னே தள்ளி நடந்து காட்டினான்.

பயத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மரத்தூளா? கரையான் அரிக்காதா?" என்று அவரைப் போலவே மூக்கால் பேசிக் காட்டினாள். இரண்டு பேரும் அந்தக் கதவிலேயே சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

பன்னிரண்டு அடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெளியே தட்டில் வைத்த ஐஸ் எப்போதோ தண்ணீராகியிருந்தது.

"அவர் வராட்டி போகட்டும், நாம பார்த்துடுவோம்" என்று தாழ்ப்பாளை நீக்கினாள்.

ஐஸ்கட்டி அப்படியே இருந்தது. பக்கத்தில், உச்சி வெயில் வேளையில், கையைக் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியபடி பில்டர் நின்றிருந்தார்.

"சார்... நீங்க எப்போ..."

"பத்தரைக்கே வந்துட்டேன்." அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "சும்மா உள்ளே பார்க்கலாம்னு நுழைஞ்சேன், யாரோ சாத்திட்டாங்க. டிரைவர் காரை எடுத்துட்டுப் போயிட்டான், போனும் அதுலயே போயிடுச்சு. ஒன்றரை மணி நேரமா கத்துறேன், சுவரைத் தட்டுறேன். உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"சத்தியமா இல்ல சார்" என்றான் கணவன். "நாங்க இங்கே நின்னு பேசிக்கிட்டிருந்தது உங்களுக்கு..."

"இந்தக் கதவுக்கிட்டயா பேசிக்கிட்டிருந்தீங்க?" பில்டரின் முகம் மலர்ந்தது. "நூறு வீட்டுக்கும் ஆர்டர் எழுதிக்கோம்மா. ஆனா முதல்ல என் படுக்கையறைக்குப் போடு, என் மேல்வீட்டுக்காரன் டிரம்ஸ் கத்துக்கிறான்!"