தயங்காமல் பேசுங்கள்

"எடுக்காதடி! அது பேசுறதுக்கு மாட்டினது இல்ல, போட்டோவுக்கு மாட்டினது!"

சட்டைக்குப் பட்டன் தைக்கும் பட்டன்காரி கையைப் பிடித்து இழுத்தும், காலர் தைக்கும் காலர்க்காரி நகரவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு போன். ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்தவர்கள் வேலை பார்க்கும் இந்த ஃபேக்டரியில் தைக்கும் சட்டைகளை வாங்கும் பெரிய கம்பெனி போன மாதம் மாட்டிவிட்டுப் போனது. 'எங்கள் சட்டையில் கட்டாய உழைப்பு ஒரு இழைகூட இல்லை. குறை இருந்தால் தயங்காமல் பேசுங்கள்' என்று மேலே ஒரு பலகை, அதன் அடியில் உதவி மைய நம்பர். ரிப்பன் வெட்டியவர் மேனேஜர். அன்றிலிருந்து மதியம் அந்த போனுக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். தயக்கம் எல்லோருக்கும் தானாக வந்துவிட்டது.

இன்று அவருக்குப் பல்வலி. ஆளைக் காணோம்.

"மாட்டினா உன்னை இஸ்திரிப் பக்கம் தள்ளிடுவாங்க. அந்தச் சூட்டுல வெந்துதான் சாவே."

"ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்கு விட மாட்டேங்கிறாங்க. என் பொண்ணு இப்போ என் தங்கச்சியைத்தான் அம்மாங்கிறாளாம். இன்னும் கொஞ்ச நாள் போனா என்னைப் பார்த்து யாரு இந்த ஆன்ட்டின்னு கேப்பா. இதைவிடவா இஸ்திரிப் பெட்டி சுடும்?"

பட்டன்காரி பிடித்திருந்த கையை விட்டாள். வாசல் பக்கம் போய்க் காவலுக்கு நின்றாள்.

மணி ஒருமுறை அடிப்பதற்குள் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம்மா, உதவி மையம். பேர் சொல்ல வேண்டாம். பதறாம, என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

பெண் குரல். வெந்நீர் ஒத்தடம் மாதிரி இதமாக இருந்தது. காலர்க்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா... என் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"யார்கிட்ட இருக்கு?"

"மேனேஜர் ரூம் பீரோவுல. எல்லாருதும் அங்கதான்."

"கேட்டா, 'தொலைச்சிடுவீங்க, பத்திரமா வச்சிருக்கோம்'பாங்களே?"

"ஆமாக்கா! அதே வார்த்தை! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எதிர்முனையில் குரல் தணிந்தது.

"எல்லா இடத்துலயும் அதே பாட்டுதாம்மா. தங்குற இடத்துல கதவு?"

"வெளியே பூட்டு. ஞாயித்துக்கிழமை கடைக்கு விடுவாங்க. வாட்ச்மேன் கூடவே வருவார். சோப்பு வாங்கினாக்கூட எட்டிப் பார்ப்பார்."

அந்தக் குரல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டது. கடைசியில், "அழாதம்மா. நீ சொன்னது இப்பவே கம்பெனியோட தலைமை ஆபீஸுக்குப் போயாச்சு. இனி இதை எவனும் அழிக்க முடியாது. கண்டிப்பா ஊருக்குப் போவே" என்றது. கம்பெனி சொல்லிக் கொடுத்த பேச்சு மாதிரி இல்லை. கூடப் பிறந்தவள் சொல்வது மாதிரி இருந்தது.

நடந்ததை ஃபேக்டரியில் ஒருவராலும் நம்ப முடியவில்லை. மறுவாரமே சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனி ஆட்கள் வந்து இறங்கினார்கள். பீரோவைத் திறக்கச் சொன்னார்கள். பல் பிடுங்கிய கன்னத்தோடு மேனேஜர், "பத்திரமா இருக்கட்டுமேன்னுதான் சார்..." என்று இழுத்தார். பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. விடுதிப் பூட்டு கழன்றது. பட்டன்காரி தன் பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்து, "அப்போ எவ்ளோ லட்சணமா இருந்திருக்கேன்!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் காலர்க்காரிக்கு ஒரே ஆசை. அந்த அக்காவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி அம்மாவிடம் கேட்டாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "தாராளமா போய்ப் பாரு. அந்த வேலையை வெளியே ஒருத்தருக்குக் கான்ட்ராக்ட் விட்டிருக்கோம். நல்லா செய்யறாங்க, செலவும் கம்மி" என்று முகவரி கொடுத்தார்.

கடைத்தெருவில் கண்ணாடி பதித்த உயரமான கட்டடம். ஒரு பை நிறைய ஆப்பிளோடு லிஃப்டில் ஏறி ஐந்தாவது மாடியில் இறங்கினாள். எதிரே இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே ஸ்டூலில் காவலாளி. அவள் விஷயத்தைச் சொன்னதும் காதைச் சொறிந்தபடி யோசித்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார்.

வந்தவளுக்கு இவள் வயதுதான் இருக்கும். தலையில் ஹெட்போன் அழுத்திய தடம்.

"அக்கா, நான்தான்... காலர் தைக்கிறவ. பீரோ..."

"அட, நீயா!" அதே குரல். "பாஸ்போர்ட் வந்துடுச்சா? பொண்ணுகிட்ட பேசினியா?"

"பேசினேன்க்கா. நாளைக்கு ஃப்ளைட். எல்லாம் உங்க புண்ணியம்." கம்பிக்கு இடையே கையை விட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "வெளியே வாங்க. கீழே போய் ஒரு டீயாவது குடிப்போம்."

அக்கா சிரித்தாள். காவலாளி பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பழப்பையை வாங்குவதுபோல் கம்பியோடு முகத்தை ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தாள்.

"எங்க பாஸ்போர்ட்டெல்லாம் இங்க சூப்பர்வைசர் லாக்கர்ல இருக்கு, இங்கிருந்து யாருக்கும் போன் போட முடியாது, வர்ற புகாரை மட்டும்தான் மேலே அனுப்ப முடியும். கீழே போனதும் எங்களுக்காக அந்த நம்பருக்கு ஒரு போன் போடும்மா... நான்தான் எடுப்பேன்."