காதுக்கு இதமான சொல்

மகளிர் காவல் நிலையத்தில் நிறைமதி தன் கைபேசியை மேசைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். அவள் கணவன் கபிலனின் குரல் கொஞ்சமும் உயராமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வந்தது.

“துளுமி. சோறாடி இது, துளுமி? உங்கம்மா ஒரு துளுமி, நீ ஒரு துளுமி.”

எஸ்.ஐ. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கொஞ்சற மாதிரியில்ல இருக்கு.”

“அவர் சொல்றது வேற, மேடம். பட்டை மாத்திடுது.”

எல்லோர் தொண்டையிலும் அரசாங்கம் பட்டை ஒட்டி ஆறு வருடமாகிறது. எந்தக் கெட்ட வார்த்தை கிளம்பினாலும் வெளியே வரும்போது துளுமி ஆகிவிடும். அர்த்தமில்லாத, காதுக்கு இதமான சொல்லாக இருக்கட்டும் என்று ஒரு குழு உட்கார்ந்து உண்டாக்கியது அது.

“சரி, அவர் என்னதான் சொன்னார்? நீயே சொல்லு, எழுதிக்கறேன்.”

நிறைமதி ஒருமுறை வாசலைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

“துளுமி.”

மறுபடி முயன்றாள். மறுபடியும் அதேதான் வந்தது. எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார்.

வீட்டில் நாலு வயது யாழி பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு கெட்ட வார்த்தைகூடக் கேட்டிராத குழந்தை. ஒரு பருக்கை தரையில் சிந்தியது. அவள் குனிந்து பொம்மையின் காதருகே, அப்பாவைப் போலவே நிறுத்திச் சொன்னாள்.

“துளுமி.”

பிறகு பொம்மையின் இரண்டு கைகளையும் தூக்கி, அதன் முகத்தை மூடினாள்.