பதினொன்று பதினேழு

கோப்புகள் வந்துவிட்டன. பூட்டுகள் வரவில்லை.

அவன் திரையை இன்னொரு முறை பார்த்தான். கல்லூரியில் கணினி வைத்திருக்கும் அறுபத்தெட்டுப் பேருக்கும் எல்லா ஃபோல்டர்களும் திறந்து கிடந்தன.

முந்தின நாள் சர்வரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. இன்று காலை பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். ஹால் டிக்கெட் அச்சடிக்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து நான்கு முறை அழைத்துவிட்டார்கள். அவசரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடிக்க விட்டுவிட்டான்.

யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகளையும் சேர்த்து மீட்கும் கட்டம் அது.

'புகார்க் குழு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. மாணவிகள் கொடுக்கும் பாலியல் புகார்கள் அதற்குள் இருக்கும். குழுவின் ஐந்து பேர் மட்டுமே திறக்கலாம். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கே அனுமதி இல்லை.

எல்லோருடைய இணைப்பையும் துண்டித்தான். மறுபடி மீட்டான், இந்தத் தடவை அனுமதிகளோடு. பெயர் பெயராகச் சரிபார்த்தான்.

ஐந்து பேர். சரி.

பதினொன்று பத்திலிருந்து பதினொன்று ஐம்பது வரை திறந்து கிடந்திருக்கிறது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தான். பரீட்சை நேரத்தில் யாருக்கு அவகாசம்?

பிறகு லாகைத் திறந்தான். எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பட்டியல்.

வரிவரியாக இறங்கினான். ஹால் டிக்கெட். ஹால் டிக்கெட். வருகைப் பதிவு. ஹால் டிக்கெட்.

11.17. தங்கநாதன், வேதியியல் துறைத் தலைவர். கோப்பு, புகார்க் குழுவினுடையது. அதன் பெயர் ஒரு மாணவியின் பதிவு எண்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டியதும் இல்லை.

குழுத் தலைவி பியூலா மேடத்திடம் போனான். தப்பு தன்னுடையது என்றுதான் ஆரம்பித்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே தெரிந்தால் குழுவையே கலைத்துவிடுவார்கள், உன் வேலையும் போகும் என்றார். தங்கநாதனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் கதவருகே போன பிறகு கூப்பிட்டு, லாகில் அந்த ஒரு வரியை அழித்துவிடச் சொன்னார்.

"பிள்ளைக்கும் அதுதான் நல்லது தம்பி."

அவன் தலையாட்டினான்.

திரும்பி வந்து அழிக்கும் இடம்வரை போனான். வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தான். திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் பியூலா மேடம் ஃபோனில் அழைத்தார். அந்த மாணவி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாளாம். டி.சி.யும் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அவளுடைய கணினிக் கணக்கை மூடிவிட வேண்டும். மேடத்தின் குரல் லேசாகியிருந்தது.

பதிவு எண்ணைத் தட்டினான்.

அனிஷா. இரண்டாம் ஆண்டு வேதியியல். கணினி ஆய்வகத்தில் கடைசி வரிசையில் பார்த்த முகம்.

கணக்கை மூடவில்லை. லாகிலிருந்து அந்தப் பக்கத்தை அச்சடித்தான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

அவள் கல்லூரிக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் அப்பாவோடு நின்றிருந்தாள். அப்பாவின் தோளில் விடுதிப் பை. விரல் இடுக்குகளில் ரப்பர் பால் காய்ந்த கறை. மரத்தில் பால் வெட்டும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பார்.

அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது.

அவன் அருகில் போய் நடந்ததைச் சொன்னான். ஹார்ட் டிஸ்க், அவசரம், விட்டுப்போன கட்டம், திறந்து கிடந்த அந்த நாற்பது நிமிடம், லாகில் இருந்த தங்கநாதனின் பெயர். வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தது மட்டும் வாயில் வரவேயில்லை.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன மணிக்கு சார் தொறந்தாரு?"

"பதினொண்ணு பதினேழு."

"பதினொண்ணரைக்கு அப்பாக்கு போன் வந்துச்சு."

துறைத் தலைவர்தான் பேசினாராம். பெண்ணுக்கு ஒரு பையனோடு பழக்கம், கண்டித்ததற்காகத் தன்மேல் கதை கட்டுகிறாள், நீங்களாக வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவது குடும்பத்துக்கு மரியாதை என்றாராம். அவள் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல் சொன்னாள்.

அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் தாளை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அப்பா கையை நீட்டினார்.

அவருக்கு அந்தத் தாள் பிடிபடவில்லை. எது என்று கேட்டார். அவன் வரியில் விரலை வைத்தான். அவர் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு நேரத்தை. பட்டன் ஃபோனை எடுத்து, முந்தின நாள் வந்த அழைப்பைத் தேடிப் பிடித்தார்.

11.31.

தாளையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாய் கோணியது. மகளின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

அவர்கள் ஏற வேண்டிய குலசேகரம் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் இரண்டு தடவை விசில் ஊதினார்.

பேருந்து போய்விட்டது.

அப்பா தொண்டையைச் செருமினார். தன் காலடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சாரே, நீங்களும் கூட வருவியளா?"

அவன் எதிரே இருந்த கல்லூரி வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சாலையைக் கடக்க மூன்று பேரும் காத்து நின்றார்கள்.