ஆம்பளைக் குரல்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது, சாத்தியிருந்த மகளின் அறைக்குள்ளிருந்து ஆம்பளைக் குரல் கேட்டது.

கதவில் காதை வைத்தார். வார்த்தை பிடிபடவில்லை. குழைவு மட்டும் புரிந்தது. கூடவே மகளின் விசும்பல்.



"உள்ளே யாரோட பேசுறா?" மனைவியிடம் சீறினார்.

"யாரோடயும் இல்லைங்க. போன்ல ஏதோ ஆப்பாம். நெஞ்சு படபடன்னு அடிச்சா அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பா. நாளைக்குப் பரீட்சை இல்லையா?"

"ஆப்புதான், நமக்கு வைக்கிற ஆப்பு! அவ காதுல பூ சுத்துறா, நீயும் தலையாட்டுற."

"மெதுவா பேசுங்க. ரெண்டு நாளா கை நடுங்குதுங்கிறா."

"திருட்டுத்தனம் பண்ணினா நடுங்காதா?"

தட்டினார். குரல் நிற்கவில்லை. கதவு அதிர அடித்தார்.

"திறடி! எவன்டி அவன்?"

தாழ்ப்பாள் விலகியது. மகளின் முகமெல்லாம் வியர்வை. ஒரு கை நெஞ்சில், இன்னொரு கையில் போன். வெடுக்கென்று பிடுங்கினார்.

திரையில் ஆளும் இல்லை, பேரும் இல்லை. ஒரு வட்டம் மட்டும் விரிந்து விரிந்து சுருங்கியது.

"அது கூடவே மூச்சு விடணும்ப்பா," மகள் திணறினாள். "நமக்குப் பிடிச்ச குரலை நாமே பதிஞ்சு வச்சுக்கலாம்."

"அந்தப் பிடிச்சவன் எவன்னுதானே கேக்குறேன்!"

சத்தத்தைக் கூட்டினார்.

'பதறாதம்மா. வண்டி நின்னுடுச்சா? நிக்கட்டும். பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுக்கட்டும். முதல்ல நல்லா மூச்சு விடு. தப்பு பண்ணாம யார்தான் கத்துக்கிட்டா? நான் பக்கத்துலயேதானே இருக்கேன்...'

அவருக்குப் பிடிபடவில்லை. தன் குரலை வெளியே நின்று கேட்டுப் பழக்கமில்லாதவர்.

மனைவிதான் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க... இது நீங்கதாங்க!"

மாஸ்டர் போனையே பார்த்தார்.

"போன மாசம் டியூஷனுக்கு உங்க கார்ல பின்சீட்டுல வந்தேன்ல, அப்ப எடுத்தேன்ப்பா."

மகள் தயங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட அக்காவைத்தான் 'அம்மா'ன்னு சொன்னீங்க. என்னைச் சொன்ன மாதிரி நினைச்சுக்குவேன்."