ஞாயிற்றுக்கிழமைப் பாசி

மாதாமாதம் மீன் தொட்டி சுத்தம் செய்ய வருகிறவரின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது அந்த வீட்டுக் கடல்நீர்த் தொட்டி. எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும், அடுத்த முறை வந்தால் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி!

“தீனியைக் குறைச்சீங்களா?”

“ஒரு சிட்டிகைதான் போடறா” என்றார் வீட்டுக்காரர்.

“லைட்டு?”

“ஆறே மணி நேரந்தான். அவரே அணைச்சிடுவார்” என்றாள் மனைவி.

“அப்ப இவங்கதான் சரி.” வந்தவர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஆறு கடல் நத்தைகள். “பாசியை ஒரே வாரத்துல மேய்ஞ்சிடும்.”

வீட்டுக்காரர் வாளி எடுக்கப் போனதும் மனைவி கிசுகிசுத்தாள்.

“அண்ணே, நத்தை வேணாம். அவருக்குத் தெரியாம தீனியை அள்ளி அள்ளிப் போடறது நான்தான். ஞாயித்துக்கிழமை பாசி சுரண்டறப்பதான் அவர் ஃபோனைக் கீழ வெச்சுட்டு என்கிட்டப் பேசறார்.”

சிரிப்பை அடக்கியபடி டப்பாவை மூடிக்கொண்டு அவர் கிளம்பினார்.

வாசலுக்குக் காலி வாளியோடு ஓடிவந்தார் வீட்டுக்காரர்.

“நத்தையைத் தொட்டியில விட்டுட்டீங்களா?”

“இல்ல சார்.”

“அப்பாடா! அவ தூங்கினப்புறம் லைட்டை மறுபடி போட்டுவிடறதே நான்தான். நான் சுரண்டினாத்தான் பக்கத்துல உட்கார்ந்து, ‘இங்க போகல, அங்க போகல’ன்னு அதட்டறா. பாசி இருந்தாத்தாங்க நான் அவ கண்ணுக்கே தெரியறேன்!”